ஹாக்குவைப் படைத்தவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஹயாவோ மியாசாகி அவர்களுக்கு,

வணக்கம். 2001இல் வெளிவந்த உங்கள் ‘ஸ்பிரிட்டட் அவே’ அனிமேஷன் படத்தைச் சிறுமியாக இருந்தபோது பார்த்தேன். அந்தப் படத்துக்குப் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதும் பிறகு ஆஸ்கரும் கிடைத்ததெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. அன்று எனக்கு அந்தப் படமென்றால் ஹாக்குதான்: ஓநாய் முகமும் பச்சைப் பிடரியுமாக வானில் நெளிந்து செல்லும் அந்த வெள்ளை டிராகன்.

காகிதப் பறவைகள் துரத்தித் துரத்திக் கிழிக்க, ஹாக்கு இரத்தம் சொட்ட அறைக்குள் வந்து விழும்போது நான் அழுதிருக்கிறேன். கோடுகளால் ஆன ஓர் உடலுக்கு அவ்வளவு வலி எப்படி வந்தது என்பது, படம் உருவான விதத்தைப் பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் புரிந்தது. படத்தின் நாயகியான சிறுமி சிஹிரோ அவன் தாடையைப் பிளந்து மருந்துருண்டையைத் திணிக்கும் காட்சிக்கு, நாய்க்கு மருந்து கொடுப்பதை நினைத்து வரையுங்கள் என்று உங்கள் இளம் கலைஞர்களிடம் சொன்னீர்கள். நாய் வளர்த்துப் பழகாத அவர்கள் விலங்கு மருத்துவமனைக்கே போய், நாயின் வாய் எப்படித் திறக்கிறது, ஈறு எப்படித் தெரிகிறது என்று பார்த்து வந்து வரைந்தார்கள். யாரும் கண்டிராத உயிரை நம்பவைக்க, எல்லோரும் கண்ட உயிரைக் கூர்ந்து பார்க்கச் சொன்ன அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது அந்த மருந்துருண்டையைப் பற்றி. உங்கள் படத்தில் இரண்டு ஆறுகள் வருகின்றன. ஒன்று, நாற்றமெடுத்த சேற்றுக் குவியலாக, சிஹிரோ வேலை செய்யும், தெய்வங்கள் குளிக்க வரும் விடுதிக்குள் நுழைகிறது. அதன் உடலில் குத்தி நிற்கும் மிதிவண்டியைச் சிஹிரோ கயிறு கட்டி இழுக்க, குப்பையெல்லாம் கொட்டித் தீர்ந்து, தூய ஆற்றுத் தெய்வமாகச் சிரித்துக்கொண்டே பறந்து போகிறது. நீங்களே ஓர் ஆற்றைத் துப்புரவு செய்தபோது மிதிவண்டியை வெளியே எடுத்த அனுபவத்திலிருந்து பிறந்த காட்சி அது. பலரும் அந்தக் காட்சியைத்தான் புகழ்கிறார்கள். எனக்கோ, இன்னோர் ஆறான, கொஹாக்கு என்னும் ஆற்றின் தெய்வமான ஹாக்குவின் கதை அதைவிடக் கனமானது. அழுக்கடைந்த ஆற்றைக் கழுவிவிடலாம். கொஹாக்கு ஆறோ தூர்க்கப்பட்டு, அதன் மேல் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. மீண்ட ஆறு பரிசாகக் கொடுத்த மருந்துருண்டைதான் புதைந்த ஆற்றின் உயிரைக் காப்பாற்றுகிறது என்பதைச் சிறுவயதில் நான் கவனிக்கவே இல்லை. இப்போது அந்தக் காட்சி வரும்போதெல்லாம் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

சிஹிரோ அவன் முதுகில் பறந்தபடியே, தான் சின்னஞ்சிறுமியாக இருந்தபோது விழுந்த அந்தக் கொஹாக்கு ஆற்றை நினைவுகூர்கிறாள். செதில்களெல்லாம் இதழ்களாக உதிர, அவன் மறந்துபோயிருந்த தன் முழுப்பெயரும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சியோடு ஆற்றையும் ஒரு மாயத்தால் மீட்டுக் கொடுத்திருக்கலாம், குழந்தைகள் கைதட்டியிருப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. பிரியும்போது ஹாக்கு தன் உலகுக்குத் திரும்புவதாகச் சொல்கிறான்; அவன் ஓடுவதற்கு எங்கும் ஆறு இல்லை. குழந்தைகளுக்காக எடுத்த படத்தில் அந்த இழப்பை மூடி மறைக்காமல் விட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம்.

அன்புடன்,
உங்கள் ரசிகை