வாங்கிய விதை

அன்புள்ள தம்பி,

ஆடிப்பெருக்கு அன்றைக்குப் போனில் கேட்டாயே, "சித்தப்பா, டி.என்.பி.எஸ்.சி. தேர்வை இன்னும் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டுமா, இல்லை கும்பகோணத்து வேலைக்குப் போயிடட்டுமா?" என்று. பக்கத்தில் உன் அம்மா இருந்ததால் நீ குரலைத் தாழ்த்திக் கேட்டாய். நானும் "பார்க்கலாம்டா" என்று மழுப்பிவிட்டேன். அதற்கான பதில்தான் இது. உன் பேரைப் போடவில்லை. இதே கேள்வியோடு நம் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

பதிலுக்கு முன்னால் 2016-ஆம் வருஷக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய், வீட்டில் யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வருஷமும் வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. 2012-லிருந்தே அப்படித்தான், 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் தண்ணீரே கிடையாது. குறுவைச் சாகுபடி போனது போகட்டும், அடுத்த சம்பாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சி.ஆர். 1009 என்ற நீண்ட நாள் நெல் ரகத்தில் இரண்டு மூட்டை விதை வாங்கிக் கூடத்தில் அடுக்கினேன். சீட்டு எடுத்த பணம். ஆடி போனது, ஆவணி போனது. தினமும் காலையில் டீக்கடையில் பேப்பரை வாங்கி அணை நீர்மட்டம் போட்டிருக்கும் மூலையைத்தான் முதலில் பார்ப்பேன். கடைசியில் செப்டம்பர் 20-ல் திறந்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே நாற்றங்காலை ஒழுங்கு பண்ணக் கிளம்பிவிட்டேன்.

உன் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "எண்ணிப் பாத்தியாடா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பிறகு அவரே விரலை மடக்க ஆரம்பித்தார். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூணு நாலு நாள். அங்கிருந்து வெண்ணாறு, கிளை ஆறு, வாய்க்கால் என்று கடைமடையில் இருக்கும் நம் ஆறு மா நிலத்துக்கு, அதாவது இரண்டு ஏக்கருக்கு, வர இன்னும் ஒரு வாரம். அக்டோபர் முதல் தேதி விதைத்தால் சி.ஆர். 1009-க்கு 155, 160 நாள். மாசிக் கடைசியில்தான் அறுப்பு. அணையை அடைப்பது வழக்கப்படி ஜனவரி 28, தை பாதி. "தை பாதிக்கு மேலே உன் பயிருக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

பக்கத்து வயல்காரர் அதே கணக்கைப் போட்டு ஆடுதுறை 39 என்ற நெல் ரகத்துக்கு மாறிவிட்டார். அது 125 நாள். அக்டோபர் முதல் தேதி விதைத்தாலும் தை இருபது வாக்கில் அரிவாள் போட்டுவிடலாம். கடைசிப் பத்து நாள் எப்படியும் வயலைக் காயத்தானே போடப்போகிறோம்.

நான் மாறவில்லை. ஏன் தெரியுமா? விதை வாங்கியாச்சே! அந்த இரண்டு மூட்டையை மறுபடி கூடத்தில் அடுக்கி வைத்துவிட்டு வேறு விதைக்குக் கடன் கேட்டுப் போக மனசு வரவில்லை. இரண்டு மூட்டை விதை வீணாகக் கூடாது என்று ஆறு மா நிலத்தையும், உழவுக் கூலியையும், நடவுக் கூலியையும் அதன் பின்னாலேயே அனுப்பினேன்.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பக்கத்து வயல்காரரும் ஒன்றும் அள்ளிவிடவில்லை. மாவுக்கு நாலு மூட்டை கண்டார், விதைநெல்லுக்கும் சாப்பாட்டுக்கும் ஆனது. அவர் வயலுக்கு மடை கொஞ்சம் முன்னால் என்பதும் ஒரு காரணம். எனக்கு மாட்டுக்குப் போட வைக்கோல் கிடைத்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ பேசியதில் ஒரு வார்த்தையை மூன்று தடவை சொன்னாய்: "மூணு வருஷம் படிச்சது வீணாயிடுமே." அது என் இரண்டு மூட்டை விதை. படித்த மூன்று வருஷம் எழுதினாலும் திரும்பாது, எழுதாவிட்டாலும் திரும்பாது. அதைக் கணக்கில் சேர்க்காதே. இனிமேல் போடப்போகும் வருஷம் விளையுமா என்பது மட்டும்தான் கேள்வி.

அதைப் பார்க்கத் தாத்தா வழிதான், பின்னாலிருந்து எண்ணு. உனக்கு 27. அப்பாவின் நகைக்கடன் எந்த மாதம் திருப்ப வேண்டும்? தங்கச்சி படிப்பு எப்போது முடிகிறது? வீட்டில் நீ வாங்கும் புத்தகம், தேர்வுக் கட்டணம், பஸ் செலவு, மாதாமாதம் எவ்வளவு, யார் கையிலிருந்து? இவைதான் உன் ஜனவரி 28. நம்மை மாதிரிப் பிற்படுத்தப்பட்டவர்களுக்குக் குரூப் 2-ல் பெரும்பாலான பதவிகளுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. நல்ல சலுகைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரசாங்கம் போதும் என்று சொல்லாது, நீதான் சொல்லிக்கொள்ள வேண்டும். மேட்டூருக்காவது அடைக்கும் தேதி என்று ஒன்று இருக்கிறது.

இன்னொன்று, மேட்டூரில் திறந்த தண்ணீரை வயலுக்கு வந்த தண்ணீராக எண்ணாதே. குரூப் 4-க்கு ஒரே தேர்வு. குரூப் 2-க்கு முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். அறிவிப்பு வந்த நாளிலிருந்து பணி ஆணை கைக்கு வருவதற்குள் வருஷம் தாண்டிவிடுகிறது. "அடுத்த தேர்வு" என்று நீ சாதாரணமாகச் சொல்வது உண்மையில் ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷத்தை உன் காலண்டரில் போட்டுப் பார்த்தாயா?

போட்டிப் படிப்பை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. வயலைத் தரிசாகப் போடு என்று தாத்தாவும் சொல்லவில்லை, விதையை மாற்று என்றுதான் சொன்னார். கும்பகோணத்து வேலைக்குப் போ. விடியற்காலை இரண்டு மணி நேரம், ஞாயிறு முழு நாள், அதில் குரூப் 4 ஒன்றை மட்டும் எடுத்துப் படி. முதன்மைத் தேர்வுக்கு எழுதிப் பழகும் அளவுக்கு நேரம் கிடைக்காது, அதனால் குரூப் 2-ஐ இப்போதைக்குத் தள்ளி வை. இது என் கருத்து. என் கருத்துக்கு 2016-ல் என்ன மதிப்பு இருந்தது என்று மேலேயே எழுதிவிட்டேன், அதையும் சேர்த்து யோசித்துக்கொள்.

"இந்த வயதில் போய் இருபத்திரண்டு வயதுப் பையன்களோடு உட்காரணுமே" என்றும் இழுத்தாய். நாற்று முற்றிக் கணு விட்டுவிட்டால் நட்ட பிறகு அதிகம் தூர் கட்டாது என்பது உனக்கே தெரியும். அதற்காக யாரும் பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுவதில்லை. குத்துக்கு இரண்டு வைக்கிற இடத்தில் நாலைந்து வைத்து, நெருக்கி நட்டு, ஒப்பேற்றுகிறோம். முதல் ஆறு மாதம் அந்தப் பையன்களை விட நீ கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அவர்களில் ஒருவன் உனக்கு வேலை சொல்லித்தருவான், "சரி சார்" என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். கொஞ்ச நாள் உறுத்தும். உன் அப்பா சாப்பிட உட்காரும்போது நீ எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாயாமே, உன் அம்மா சொன்னார்கள். அந்த உறுத்தலை விட இது குறைவாகத்தான் இருக்கும்.

அப்புறம், அப்பாவிடம் நீயே வாய் திறந்து ஒரு தேதி சொல். எந்தத் தேதியாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நீ நினைக்கிறாய். எனக்குத் தெரிந்து, கேட்டால் உன் மனசு நொந்துவிடும் என்று பயந்துதான் இருக்கிறார். தேதி தெரிந்தால் அதுவரைக்கும் அவருக்கும் நிம்மதி.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், மூன்று பேருமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிடலாம். காலண்டர் நான் கொண்டு வருகிறேன். மாதிரித் தேர்வு மதிப்பெண் எழுதி வைத்திருக்கும் அந்த நீல நோட்டை நீ எடுத்து வை. குறைந்த மார்க் இருக்கும் பக்கத்தைக் கிழிக்காமல்.

அன்புடன்,
சித்தப்பா