செயலாளர் ஆண்டறிக்கை: சட்டம் பழகும் வகுப்பு பற்றிச் சற்று விரிவாக

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சிரமம் பாராமல் வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். திறந்து பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

விளையாட்டு விழாவும் மருத்துவ முகாமும் வழக்கம்போல் நடந்தன. சுற்றுலா போதிய ஆள் சேராததால் நடக்கவில்லை.

இனி, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவை உள்ள நம் பிள்ளைகளுக்கு நடத்திய சட்டம் பழகும் வகுப்பு. இதை முன்மொழிந்தவன் நான் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பும் என்னுடையதே. "எங்கள் பிள்ளை என்ன திருடனா, சட்டம் சொல்லிக்கொடுக்க?" என்று கடந்த பொதுக்குழுவில் சிலர் கோபப்பட்டார்கள். கோபம் புரிகிறது. ஆனால் ஆறு வயதில் முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்தால் கொஞ்சுகிற உலகம், பதினாறு வயதில் அதையே புகாராக எழுதும். பிள்ளை மாறவில்லை, உயரம்தான் கூடியிருக்கிறது. பதினாறில் தடுப்பதைவிட ஆறிலேயே கைகுலுக்கப் பழக்குவது எளிது.

"சட்டத்தை மதி" என்பது ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைக்கோ எதையும் சொல்வதில்லை. "பணம் கொடுத்த பிறகுதான் பொருள் கடைக்கு வெளியே வரும்" என்றால் பிடித்துக்கொள்கிறார்கள். சில சமயம் அளவுக்கு மேலேயே பிடித்துக்கொள்கிறார்கள். போக்குவரத்துக் காவலர் போகச் சொல்லிக் கை காட்டியும், சிவப்பு விளக்கு எரிகிறதென்று நகர மறுத்த பிள்ளை நம்மிடம் உண்டு. விதியோடு விதிவிலக்கையும் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. அப்புறம், பேருந்தில் ஊரையே திருத்தக் கிளம்பும் பிள்ளைகளுக்கு "அது உன் வேலை இல்லை" என்பதும் ஒரு பாடம். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைக்கு விதி நன்றாகவே தெரியும். கை முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, நின்று யோசிக்கும் பயிற்சிதான் தேவை.

சீருடையில் ஒரு காவலரை அழைத்து வந்த நாளில்தான் நம் வீடுகளின் லட்சணம் தெரிந்தது. பாதிப் பிள்ளைகள் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டார்கள். சாப்பிடாவிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று யார் சொல்லி வைத்தது? தெருவில் இதே பிள்ளை காவலரைக் கண்டு ஓடினால், துரத்துபவருக்கு அது குற்றம் செய்தவனின் ஓட்டமாகத்தான் தெரியும். ஓடாமல் நிற்பது, கை தெரியும்படி வைத்துக்கொள்வது, அடையாள அட்டையைக் காட்டுவது எல்லாம் திரும்பத் திரும்பப் பழக்கினோம்.

இதைவிடக் கடினமானது "இல்லை" என்று சொல்லப் பழக்குவது. "நீதானே எடுத்தாய்?" என்று அதட்டினால், கேட்டவர் மனம் குளிரட்டும் என்று "ஆமாம்" சொல்கிற பிள்ளைகள் இவர்கள். "நண்பன்" என்று சொல்லிக்கொண்டு எவனாவது ஒரு பையைக் கொடுத்தால், என்ன ஏது என்று கேட்காமல் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வெறும் கீழ்ப்படிதலை மட்டும் கற்பித்தால் சட்டத்தை மதிப்பவன் உருவாக மாட்டான், அடுத்தவனுக்கு வாய்த்த கையாள்தான் உருவாவான். ஆகவே "எனக்குப் புரியவில்லை", "அம்மா வந்த பிறகு பேசுகிறேன்" என்ற இரண்டு வாக்கியங்களை மனப்பாடமாக்கினோம்.

பிள்ளைகள் மட்டும் பழகினால் போதாது. 2006-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, காவல்துறையினருக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. வளர்ச்சித் தாமதம், நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளைக் குற்றவியல் நடைமுறைக்குள் கொண்டுவரவே கூடாது என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2019-இல் சொல்லியிருக்கிறது. இவற்றைக் குறிப்பிட்டு, காவலர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வர வேண்டும்.

வகுப்பை எதிர்த்து உரக்கப் பேசியவர்களில் ஒருவர்கூட ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். வீட்டில் போலீஸ் பயம் காட்ட மாட்டோம் என்ற உறுதிமொழித் தாளும் பெரும்பாலும் கையெழுத்தில்லாமலே கிடக்கிறது. பெற்றோர் சிக்னலை மீறிக் கடந்ததை வகுப்பில் வந்து முறையிட்ட பிள்ளைகள் உண்டு. பெயர் சொல்லவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. படஅட்டைகளை லேமினேட் செய்ததில் செலவு சற்றுக் கூடியது. அட்டையை வாயில் வைக்கும் பிள்ளைகளுக்கு வெறும் தாள் தாங்காது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியாததல்ல. விவரங்கள் பொருளாளரிடம் இருக்கின்றன.

சிறப்பாசிரியர்களுக்கும், விடுப்பு நாளில் வந்த அந்தக் காவலருக்கும், இடம் தந்தவர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கைபேசியை எடுத்துக்கொள்ள எண்ணம். எதிரில் இருப்பவர் "வேண்டாம்" என்ற பிறகும் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பது, வந்த படத்தை யோசிக்காமல் பிறருக்கு அனுப்புவது, இவை எங்கே போய் முடியும் என்று வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு ஆளும் வேண்டும், பணமும் வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் மகிழ்வேன். யாரும் முன்வராவிட்டால் தொடர்வதில் எனக்குத் தடையில்லை, ஆனால் தனியாக முடியாது.

சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலைக் கூட்டத்தில் வாசிக்கச் சிலர் வற்புறுத்தினார்கள். நான் வாசிக்கவில்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார், எப்படியும் அந்த வழியாகத்தான் எல்லோரும் போக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்