கழுவாமல் கொடுங்கள், கோடிப் புண்ணியம்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துக் கார் சர்வீஸ் சென்டர் மேலாளர்கள் அனைவருக்கும், அதிலும் குறிப்பாக ஒருவருக்கு,

வணக்கம்.

அந்த ஒருவர் யாரென்று இங்கே எழுதப் போவதில்லை. ஜாப் கார்டில் சிவப்பு மையால் 'வாஷ் வேண்டாம்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டு, போதாததற்கு ஸ்டியரிங்கில் ஒரு தாளையும் ஒட்டி அனுப்பிய கறுப்பு ஸ்போர்ட்ஸ் காரை, நுரை பொங்கக் கழுவி, டயருக்கு மினுக்கு எண்ணெய் தடவி, சீட்டில் ஒரு சாக்லேட்டும் வைத்துத் திருப்பிக் கொடுத்தவர் அவர். ஒட்டிய தாளை மட்டும் அழகாக நான்காக மடித்து டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். படித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இரண்டு தடவை நேரில் வந்தேன், மூன்று தடவை போன் போட்டேன். 'பாத்துட்டுச் சொல்றோம் சார்' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. ஆகவே இந்தத் திறந்த மடல்.

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். வாஷ் வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னால் கழுவாதீர்கள். தூசியோடு கொடுங்கள். காக்கை எச்சத்தோடுகூடக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நான் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறேன். இரண்டு வண்டி நிற்கும். ஆரம்பத்தில் டிங்கரிங் கடையில் பட்டி தேய்த்தவன். இப்போது பெயின்டில் விழுந்த கீறலை எடுப்பதுதான் பிழைப்பு. நீங்கள் கீறக் கீற எனக்கு வேலை வரும். அப்படிப் பார்த்தால் நான் உங்களுக்கு நன்றி மடல்தான் எழுத வேண்டும். ஏன் எழுதவில்லை என்பதை இனிமேல் சொல்கிறேன்.

வண்டி கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரருடையது. இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் உழைத்துவிட்டு வந்தவர். வீடு கட்டி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, எல்லாம் முடித்து, ஐம்பத்தெட்டாவது வயதில் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது, அதுவும் செகண்ட் ஹேண்டில். இரண்டு கதவு, அசல் கறுப்பு. வாங்கும்போதே போனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல்.

இந்தச் சிலந்தி வலையைப் பற்றி உங்கள் சர்வீஸ் அட்வைசர் ஒருவர் எனக்கே பாடம் எடுத்தார். 'வட்ட வட்டமா இருக்கு பாருங்க சார், அது மெஷின் பாலிஷ்ல வந்தது, நாங்க நேராத்தான் தொடைப்போம்' என்றார். ஐயா, அந்தக் கீறல்கள் வட்டமே கிடையாது. எல்லாத் திசையிலும் நேர்க்கோடாகத்தான் கிடக்கின்றன. ஒரு விளக்கையோ சூரியனையோ அதில் பார்க்கும்போது, அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே விழுந்த கோடுகள் மட்டும் மின்னும். அதனால் விளக்கைச் சுற்றி வலை பின்னிய மாதிரி தெரியும். தலையை நகர்த்துங்கள், வலையும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கீறல் இதே அளவு இருக்கும். வெள்ளையின் வெளிச்சத்தில் கீறலின் மினுக்கம் கரைந்துவிடும், அந்தக் கார்க்காரர் நிம்மதியாகத் தூங்குவார். கறுப்பில் ஒளிய இடமில்லை.

நான்கு நாள் வேலை செய்தேன். முதல் நாள் கழுவி, சக்கரத்திலும் பக்கவாட்டிலும் ஒட்டிய இரும்புத் துகளுக்கு மருந்தடித்து அது ஊதாவாகக் கரைந்து ஓடும்வரை காத்திருந்து, பெயின்டில் ஒட்டிய அழுக்கைக் களிமண் கட்டி போட்டு வழித்து, ஓரங்களுக்கும் ரப்பருக்கும் டேப் ஒட்டுவதிலேயே போனது. பிறகு பெயின்டின் கனத்தைக் காட்டும் மைக்ரான் மீட்டரை வைத்து ஒவ்வொரு பேனலாக அளந்தேன்.

இந்த மைக்ரான் சமாச்சாரம்தான் உங்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது. ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் ஒன்று சுமார் 100 மைக்ரான் கனம். ஒரு காரின் மொத்தப் பெயின்டும், அதாவது பிரைமர், நிறம், மேலே நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து, அந்தத் தாளைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருந்தால் உண்டு, தலைமுடியைவிட மெலிசு. பளபளப்பும் அதுதான், வெயிலைத் தாங்குவதும் அதுதான். நீங்கள் நான்காக மடித்து வைத்தீர்களே ஒரு தாள், ஏறக்குறைய அந்தக் கனத்தைத்தான் உங்களை நம்பி விட்டுவிட்டுப் போனார் அந்த மனிதர்.

கீறலை 'எடுக்கிறோம்' என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, உண்மையில் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைத்தான் கீறலின் ஆழத்துக்கு இறக்குகிறோம். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும். போனது போனதுதான், திரும்ப முளைக்காது. நகத்தால் வருடும்போது நகம் மாட்டுகிற கீறலை நான் தொடவே மாட்டேன். இந்த வண்டியின் போனட்டில் 118, 121 என்று காட்டியது, நிம்மதி. வலது முன் ஃபெண்டரின் மடிப்பில் 84. முன்பு எவனோ வேகமாகச் சுழலும் ரோட்டரி பாலிஷ் மெஷினைப் போட்டு அங்கே அழுத்தித் தேய்த்திருக்கிறான்.

'சார், இந்த எடத்துல ஒரே ஒரு தரம்தான். இதுக்கப்புறம் யார் கேட்டாலும் மெஷின் வைக்க விடாதீங்க' என்று சொல்லித்தான் கை வைத்தேன். சித்திரை வெயிலில் தகரம் சூடாகி, தேய்க்கும் பசையான காம்பவுண்டு இரண்டே சுற்றில் காய்ந்து பொடியாகிவிடும் என்பதால் விடியற்காலை நாலரைக்கு ஷெட்டைத் திறந்தோம். ஒன்றரை அடிச் சதுரம், குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, ஸ்பிரிட்டால் துடைப்பு, விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பு. சரியில்லையென்றால் மறுபடி. கறுப்பில் கீறல் போனபின்பும் மெல்லிய புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் நிற்கும். அதைப் போக்க மெத்தென்ற பேடு மாற்றி இன்னொரு முறை முழு வண்டியும்.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் வந்தார். ஷெட்டுக்குள் ஒரே ஒரு குண்டு பல்பைப் போட்டேன். போனட்டில் பல்பு தெரிந்தது, பல்பு மட்டும்தான் தெரிந்தது. குனிந்து பார்த்தவர், சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து மீசையை வாரிக்கொண்டார். 'தம்பி, சலூன் கண்ணாடில கூட இப்டித் தெரியாதுப்பா' என்றார்.

ஆறாவது வாரம் உங்களிடம் சர்வீஸுக்கு வந்தது வண்டி.

மறுநாள் என் ஷெட்டுக்கு வந்தபோது அதே பல்பைப் போட்டேன். முழுசாக வலை. பழைய வலையைவிட நெருக்கம். ஃபெண்டர் மடிப்பில் துணியை முறுக்கி இழுத்த தடம் மூன்று விரல் அகலத்துக்கு. அவர் கோபப்படவில்லை. 'இன்னொரு தரம் எடுத்துடலாமா தம்பி?' என்று மட்டும் கேட்டார். மற்ற இடமெல்லாம் எடுக்கலாம் சார், இங்கே முடியாது என்றேன். தொட்டால் இன்னும் சில வருஷத்தில் தோல் உரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்க் கிளம்பும். பிறகு மறுபெயின்ட்தான். மறுபெயின்ட் அடித்தால் மீட்டரில் இருநூறைத் தாண்டும். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவன் 'ஆக்சிடென்ட் வண்டியா?' என்பான். அந்த மூன்று விரல் தடம் இனி வண்டியோடு இருக்கும். அவர் அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். நான் டீ சொல்லி அனுப்பினேன். வேறென்ன செய்ய?

உங்கள் பதில் என்ன? 'காம்ப்ளிமென்டரி வாஷ் சார், காசு வாங்கலையே.' அடுத்த பதில், 'வேணும்னா ஃப்ரீயா ரப்பிங் பாலிஷ் போட்டுத் தர்றோம்.' அந்த பாலிஷ் தெரியாதா எனக்கு? எண்ணெயும் மெழுகும் கலந்து கீறலுக்குள் போய் உட்காரும். டெலிவரி அன்றைக்கு ஜொலிக்கும், இரண்டு மழைக்கு மேல் தாங்காது. அதுவும் ரோட்டரியில் போடுவீர்கள். வேண்டவே வேண்டாம்.

வாஷிங் பே பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒருநாள் டீக்கடையில் அவனே பேச்சுக் கொடுத்தான். 'அண்ணே, பக்கெட்டு ஒண்ணு, துணி ஒண்ணு. வண்டி மேல வண்டி வந்துட்டே இருக்கும். கீழ விழுந்தா அலசக்கூட நேரமில்லண்ணே.' பனியன் வேஸ்ட் துணிதான். சக்கரத்தைத் துடைத்த அதே துணி போனட்டுக்கு வருகிறது. பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூளும், ரோட்டு மணலும் அதில். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, இரும்பே 4தான். கிளியர் கோட் எம்மாத்திரம்? தண்ணீர் பீய்ச்சுவதால் ஒன்றும் ஆகாது, நுரை அடிப்பதாலும் ஆகாது. அந்தத் துணி தொடும் நொடியில்தான் எல்லாம். அப்புறம் உப்புப் போர்த் தண்ணீரை வெயிலிலேயே காயவிட்டு, பொட்டுப் பொட்டாய்க் கறை வேறு.

நம்ம ஊர்க் கடற்கரையில் மணலைக் காணோம், துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதிலிருந்து அரித்துப் போய்விட்டது என்று எத்தனையோ வருஷமாகப் பேசுகிறோம். நிபுணர்கள் வந்தார்கள், ஆய்வு செய்தார்கள், கடலுக்குள் செயற்கைத் திட்டும் போட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் உங்கள் வாஷிங் பே பக்கெட்டின் அடியைக் காட்டியிருப்பேன்.

இந்த ஊரில் கறுப்புக் கார் வைத்திருப்பதே ஒரு தவம். பள்ளம் தோண்டாத தெரு இல்லை. சிக்னலில் நின்றால் ஒருவர் கேட்காமலே டஸ்டரால் கண்ணாடியைத் தட்டுகிறார். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பாசத்தில் தினமும் காய்ந்த துணியால் துடைத்துவிடுகிறார். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனத்தை மூன்று நாள் காயவிட்டு ஸ்பூனால் சுரண்டியவரை எனக்குத் தெரியும். கேட்டால் திருஷ்டி கழியணுமாம். கழிந்தது, பெயின்டோடு. சாலை வரி குறைவு என்று கோடி ரூபாய் வண்டிகளையெல்லாம் புதுச்சேரியின் பிஒய் 01 எண்ணில் பதிய வைத்த விவகாரம் 2017-இல் கேரளம் வரை நாறியது நினைவிருக்கும். அவற்றில் பல இந்த ஊர்த் தூசியையே பார்த்ததில்லை. தூசியைத் தின்பது இங்கேயே ஓடும் எங்கள் வண்டிகள். இதெல்லாம் உங்கள் தப்பில்லை. உங்களிடம் கொட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் சிக்கலும் எனக்குப் புரிகிறது. டெலிவரி முடிந்த மறுநாள் ஒரு பெண் போன் செய்து, 'வாகனம் சுத்தமாக வழங்கப்பட்டதா? பத்துக்குப் பத்து கொடுங்க சார்' என்று கேட்கிறார். அழுக்காகக் கொடுத்தால் உங்கள் மதிப்பெண் விழும், மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் வேண்டாம் என்றாலும் விடாமல் கழுவுகிறீர்கள். அந்தக் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு பத்து கொடுக்க மஞ்சக்குப்பத்துக்காரர் தயார், நான் கேட்டுவிட்டேன். எழுதியே தருகிறார். 'வாஷ் வேண்டாம்' என்பதற்கு ஜாப் கார்டில் ஒரு கட்டம் போடுங்கள், டிக் அடித்துக் கையெழுத்து வாங்குங்கள். சாவியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினால் பையனுக்குத் தெரிந்துவிடும். தமிழே படிக்கத் தெரியாத பையனாக இருந்தாலும் சிவப்பு தெரியும். இதற்கு மேலிட அனுமதி வேண்டுமா?

கழுவித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும் வாடிக்கையாளருக்கு மட்டும் கழுவுங்கள். அதற்கும் சக்கரத்துக்குத் தனித் துணி, உடம்புக்குத் தனித் துணி, இரண்டு பக்கெட். அந்தப் பையனுக்குத் துணி வாங்கிக் கொடுங்கள். டயருக்குத் தடவும் எண்ணெயைவிடச் செலவு குறைவுதான்.

ஐப்பசியில் அந்த வண்டி மறுபடி உங்களிடம் வருகிறது. வேறெங்கே போவது, இந்த வட்டாரத்தில் அந்தக் கம்பெனிக்கு நீங்கள் ஒருவர்தான். இந்த முறை தாளை ஸ்டியரிங்கில் ஒட்ட மாட்டேன், நானே கூட வருவேன். வண்டியை மழைச் சேற்றோடு, தூசியோடு, இருக்கிற கோலத்தில் என் கையில் கொடுங்கள். வாஷிங் பே பக்கம் அது திரும்பவே வேண்டாம். சாக்லேட் வைப்பதில் ஆட்சேபணை இல்லை.

தயவுசெய்து கழுவாதீர்கள்.

பணிவுடன்,
தட்டாஞ்சாவடி ஷெட்காரன்