சிறுநீர்க் குழாய் இன்றும் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி மருத்துவமனையில் சேரும் முதியவர்கள் சிலருக்குச் சிறுநீரை வெளியேற்றும் குழாய் (கதீட்டர்) பொருத்தப்படுகிறது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு கூடும். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பைக் குறைப்பதால், அதை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூச்சிரைப்பால் கழிவறைக்கு நடக்க முடியாதது மட்டுமே காரணம் என்றால், கட்டிலோரக் கழிப்பு நாற்காலியே பெரும்பாலும் போதும். "இன்றும் இது தேவையா?" என்று குடும்பத்தார் தாதியிடமோ மருத்துவரிடமோ தினமும் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

குழாயோடு இணைந்த சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிச் செல்லும்போது பையை மடியில் வைத்தால், தேங்கிய சிறுநீர் மூத்திரப்பைக்கே திரும்பும்.

இப்ராட்ரோப்பியம், டியோட்ரோப்பியம் போன்ற இன்ஹேலர் மருந்துகள், புரோஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீரை அடைக்கக்கூடும். அடிவயிறு கனத்துச் சொட்டுச் சொட்டாக வந்தால் தாதியிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நோயாளி திடீரெனக் குழம்பிப் பேசினால், உடனே சிறுநீர்த் தொற்று என்று முடிவுகட்டுவது ஆபத்து. இரத்தத்தில் கரியமில வாயு ஏறியிருக்கலாம், ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். அதை முதலில் பார்க்க வேண்டும். சிறுநீர் கலங்கலாகவோ வாடையாகவோ இருப்பது மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கப் போதாது. காய்ச்சல், அடிவயிற்று வலி, விலாப்பக்க வலி உண்டா என்று பார்ப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மருந்தைச் சாப்பிடுபவருக்குச் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால், தியோஃபிலின் அளவு ஏறி வாந்தியும் படபடப்பும் வரலாம். வீட்டு மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாதி ஒருவர்,
தோ பாயோ