மழை பெய்தால் புழு சாகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாவல்கள் படமாவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1984-இல் டேவிட் லிஞ்ச் எடுத்த ‘ட்யூன்’ என்ற அறிவியல் புனைகதைப் படம் தோற்றதற்கு ஒரே காரணம் சொல்கிறது: அவ்வளவு தடித்த புத்தகம் 137 நிமிடத்துக்குள் அடங்காதாம். நீளம்தான் சிக்கல் என்றால், 1988-இல் தொலைக்காட்சிக்காக மூன்று மணி நேரத்துக்கு இழுத்த பதிப்பு தேறியிருக்க வேண்டுமே! அது இன்னும் மோசம். லிஞ்ச் தன் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டார். இயக்குநர் இடத்தில் ‘ஆலன் ஸ்மிதி’ என்ற பொய்ப்பெயர்தான் ஓடுகிறது.

கோளாறு கடைசிக் காட்சியில் இருக்கிறது. எதிரிகளை வீழ்த்திய நாயகன் அராகிஸ் என்ற கிரகத்தின் பாலைவனத்தில் மழையை வரவழைக்கிறான். பார்க்க அழகுதான். ஆனால் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் எழுதிய நாவலின் கணக்குப்படி, அங்கே மணலுக்குள் வாழும் ராட்சத மணற்புழுவுக்குத் தண்ணீர் விஷம். புழுவின் இளம்பருவ உயிர்கள் நிலத்தடி நீரைச் சூழ்ந்து அடைத்து வைப்பதால்தான் அந்தக் கிரகமே வறண்டு கிடக்கிறது. அவற்றின் கழிவில் நீர் சேர்ந்து, வாயு பெருகி, வெடித்து மேலே வருவதுதான் ஸ்பைஸ் என்ற அரிய போதைப்பொருளாகிறது. ஸ்பைஸ் இல்லாவிட்டால் விண்கப்பலோட்டிகளுக்கு வழி புலப்படாது. ஆக, மழை கொட்டினால் புழு சாகும், ஸ்பைஸ் நிற்கும். நாயகன் எதைக் கையில் பிடித்துப் பேரரசரைப் பணியவைத்தானோ அதுவே நனைந்து போகும். பசுமையாக்கும் வேலைக்கு நாவலில் 300 முதல் 500 ஆண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போதும் ஸ்பைஸுக்காகப் பாலைவனம் மிச்சம் இருக்கும் என்றுதான் நாயகன் சொல்கிறான்.

மழை இன்னொன்றையும் கெடுக்கிறது. இரட்சகன் என்று ஒருவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் கூட்டத்தைப் பற்றிய எச்சரிக்கை அந்த நாவல். படமோ அவனை நிஜமாகவே கடவுளாக்கிவிட்டது.

கட்டுரையில் ஒரு திருத்தம். படத்தில் வரும், குரலை ஆயுதமாக்கும் கருவி நாவலில் உள்ளது போல அது பேசுகிறது. அந்தக் கருவி நாவலில் கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது. நாவலில் அதற்குப் பதிலாக இருப்பது நரம்பையும் தசையையும் பழக்கிச் செய்யும் சண்டை. அராகிஸின் பாலைவன மக்களான ஃப்ரெமன்களோ ஏற்கெனவே பேரரசரின் படையையே திணறடிப்பவர்கள். அவர்கள் கையில் வெளியாளான நாயகன் அந்தக் கருவியைக் கொடுத்ததும் அவர்களின் மதிப்பு குறைந்துபோகிறது.

மெக்சிகோவின் சுருபுஸ்கோ ஸ்டூடியோவில் போட்ட செட்டுகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொடக்கத்தில் இளவரசியின் நீண்ட முன்னுரை, பிறகு பாத்திரங்களின் மனக்குரல் முணுமுணுப்பு. அதுவும் போதாமல் சில தியேட்டர்களில் அருஞ்சொற்பொருள் தாள் வேறு கொடுத்தார்கள். இதோடு 2021-இல் இதே நாவலை வைத்து டெனி வில்நெவ் எடுத்த படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃப்ரெமன் தலைவன் ஸ்டில்கர், நாயகனின் தந்தையான பிரபுவின் மேசைமேல் துப்புகிறான். காவலர்கள் கொதிக்க, பிரபுவின் வீரன் டங்கன் மட்டும் உடலின் ஈரத்தைப் பரிசாகத் தந்ததற்கு நன்றி சொல்லித் தானும் துப்புகிறான். நாவலில் உள்ள காட்சிதான். அங்கே தண்ணீரின் விலை என்ன என்பதற்கு அருஞ்சொற்பொருள் தாள் தேவைப்படவில்லை.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி