அந்த 197 தங்கம் இல்லை: ஒரு நன்றி மடல்

பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடை உறவுகளுக்கும், பினாங்குத் தம்பிக்கும், அம்மாவுக்கும் வணக்கம்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் போன வாரம் கொடுத்துவிட்டேன். அதிலுள்ள நன்றியுரை நாலே வரி. பேராசிரியர்கள் இருக்கிறார்கள், நீங்கள் யாரும் இல்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

"நாலு வருஷமா எதை எதோட மோத விடுறே?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். மோத விடுவது நானில்லை அம்மா. ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளி வேகத்தில் மோத விடுகிறார்கள். மோதிய இடத்தில் புரோட்டானும் நியூட்ரானும் உருகி, அவற்றுக்குள் இருக்கும் நுண்துகள்களான குவார்க்கும் குளுவானும் கலந்த ஒரு துளி உண்டாகிறது. ஒளி ஓர் அணுக்கருவைக் கடக்கும் நேரம்தான் கிட்டத்தட்ட அதன் ஆயுள். அதற்குள் அது திரவம் போலப் பாய்ந்து விரிகிறது. அந்தப் பாய்ச்சலைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை.

துளியை அளக்க, அதிலிருந்து சிதறும் பையான் என்ற சிறு துகள்களை ஜோடி ஜோடியாகப் பார்க்க வேண்டும். ஒரே வகைப் பையான்கள் இரண்டு கிட்டத்தட்ட ஒரே உந்தத்தோடு எவ்வளவு அடிக்கடி சேர்ந்து வருகின்றன என்று எண்ணினால், துளியின் அகலம் தெரிந்துவிடும். 1956-இல் ஹான்பரி பிரவுனும் டுவிஸ்ஸும் சிரியஸ் விண்மீனின் அகலத்தை அளந்ததும் இந்த உத்தியில்தான். அவர்களிடம் பையானுக்குப் பதில் ஒளி இருந்தது.

இனி என் கூத்து. நான் வாங்கிய நிரல், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் நடந்த தங்க மோதல்களுக்காக எழுதப்பட்டது. தங்கக் கருவில் புரோட்டானும் நியூட்ரானுமாக 197 துகள்கள், ஈயத்தில் 208. நிரலில் 197 என்று கண்ட இடத்திலெல்லாம் 208 என்று மாற்றினேன். வெவ்வேறு திசைகளில் வந்த துளியின் அகலங்கள் எல்லாமே செர்ன் அளவைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தன. ஆனால் அகலங்களுக்கு இடையிலான விகிதம் கச்சிதமாகப் பொருந்தியது. விகிதத்தைத்தான் நான் முக்கியமாக ஆராய்ந்தேன் என்பதால், நிரலைச் சந்தேகிக்காமல், துளியின் பாகுநிலையை, அதாவது அது எவ்வளவு கெட்டியாகப் பாய்கிறது என்பதைக் குறை சொல்லியே ஆறு வாரம் ஓட்டினேன்.

ஒட்டுக்கடை மூலை மேசையில் தினமும் உட்காரும் ஐயா, பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "197-ஐ 208 ஆக்கினே, சரி. புரோட்டான் மட்டும் தங்கத்துக்கு 79, ஈயத்துக்கு 82 ஆச்சே, அதை எங்கேம்மா மாத்தினே?" என்றார். மடிக்கணினியை அங்கேயே திறந்தேன். ரொட்டி சானாய் ஆறிப்போனது. அகலத்தைக் கணக்கிடும் கோப்பில் 79 என்ற எண்ணே இல்லை. அங்கே இருந்த 197 தங்கமே இல்லை! பிளாங்க் மாறிலியை இரண்டு பையால் (2π) வகுத்து, ஒளிவேகத்தால் பெருக்கினால், அணுக்கரு அளவுக்கான அலகுகளில் வரும் எண் அது. உந்தத்தை நீளமாக மாற்றுவது. எந்த அணுவுக்கும் அதே 197தான். நான் அதைத் தொட்டதால் எல்லா அகலமும் நூற்றுக்கு ஐந்தரை வீதம் ஒரேயடியாகப் பெருத்துவிட்டன. எல்லாம் சமமாகப் பெருத்தால் விகிதம் எப்படி மாறும்?

ஐயா, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் இந்தப் பிழையோடே அச்சுக்குப் போயிருப்பேன். அந்த வரிக்குப் பக்கத்தில் "இது தங்கம் அல்ல" என்று தமிழிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கும் தம்பி, கேம் விளையாட வாங்கிய கணினியை ராத்திரி ராத்திரியாக எனக்கு விட்டுக்கொடுத்தாய். கருவுக்குள் துகள்கள் மோதலுக்கு மோதல் வேறு வேறு இடத்தில் இருக்கும். சராசரி எடுத்து ஒரே தடவை ஓட்டினால் முக்கோணப் பாய்ச்சல், அதாவது துளி மூன்று பக்கமாகக் கூடுதலாகப் பாய்வது, காணாமல் போய்விடும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தது. கரண்டு பில் எவ்வளவு என்று இன்னமும் சொல்ல மாட்டேன் என்கிறாய். அப்பாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கடை அண்ணே, ஒரே ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் நீங்கள் முகம் சுளித்ததில்லை. ஐயாவின் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) இனிமேல் என் கணக்கில் போகட்டும். அவர் காசு கொடுத்தால் வாங்காதீர்கள்.