எந்தப் போதைக்கு நான் சாக்குத் தேடுகிறேன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், 'கஞ்சாவில் மருந்து இருக்கிறது என்பவர்கள் போதைக்குச் சாக்குத் தேடுகிறவர்கள்' என்று ஒரு வரி. என் மகளுக்கு 14 வயது, டிராவெட் சிண்ட்ரோம் என்ற, மருந்துக்கு எளிதில் அடங்காத வலிப்பு நோய். ஆறாம் மாதத்தில் காய்ச்சலோடு வந்த முதல் ஃபிட்ஸ் முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. வால்ப்ரோயேட், குளோபசாம் என்று வலிப்பு மருந்தெல்லாம் கொடுத்தும் இன்றும் மாதம் பத்துப் பன்னிரண்டு தடவை வருகிறது. ராத்திரி அவள் கட்டில் ஆடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் எனக்குப் போதை ஒன்றுதான் குறைச்சல்.

தங்களுக்குத் தெரியாததில்லை. அந்தச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடையாலில் போதை கிடையாது. போதை தருவது டிஎச்சி என்ற வேறு பொருள். கன்னாபிடையாலைச் சுத்தமாகப் பிரித்துச் செய்த எபிடியோலெக்ஸ் என்ற திரவ மருந்தை, டிராவெட்டுக்கும் லெனாக்ஸ்-காஸ்டா என்ற இன்னொரு கடும் வலிப்பு நோய்க்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூனில் அனுமதித்தது. முந்தைய வருடம் வெளியான ஆய்வில், டிராவெட் பிள்ளைகளுக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே கலக்காத வெறும் திரவத்தைக் குடித்தவர்களுக்கு 14.9, 14.1 ஆனதோடு சரி. வயிற்றுப்போக்கு, தூக்கக் கலக்கம் உண்டு. வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் ஈரல் என்சைம் ஏறும். அதையாவது எழுதி எச்சரித்திருக்கலாமே! கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற டாக்டர் 1839 வாக்கில் கைக்குழந்தையின் வலிப்புக்குக் கஞ்சா டிங்சர் கொடுத்திருக்கிறார். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை, மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டிய போதைப்பொருள்களின் நான்காம் பட்டியலிலிருந்து எடுத்தபோது 27 ஓட்டு ஆதரவு, 25 எதிர்ப்பு. இந்தியா ஆதரவுப் பக்கம். அதுவும் போதைக்குச் சாக்குத்தானோ?

எங்கள் டாக்டர் மருந்தின் பெயரைச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்து, "விலையை மட்டும் பார்க்காதீங்கம்மா" என்றார். பார்த்தேன். அமெரிக்காவில் வந்த புதிதில் வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல். இணையத்தில் குப்பியில் விற்கும் எண்ணெயை வாங்கி ஊற்ற நான் முட்டாளில்லை.

மூன்று வருடம் முன் உங்கள் தீபாவளி மலரில் 'காக்காய் வலிப்பு' ஜோக் ஒன்று வந்தது. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. டவுன் பஸ்ஸில் அவள் விழுந்தால் ஆளாளுக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். பள்ளியில், "மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள்" என்று டி.சி. கொடுத்தார்கள். அது கிடக்கட்டும். இந்த இதழின் பின் அட்டையில், '90 நாளில் வலிப்பு மறையும்' என்று ஒரு வைத்தியரின் முழுப்பக்க விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். அங்கே சாக்கு எதுவும் தேவைப்படவில்லை போலும்.

அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். அந்த விளம்பரத்துக்குக் கீழே இடமிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
தஞ்சாவூர்